எலுமிச்சையைத் தனியாக வைக்கவும்

குடிக்கிறவர்களின் மனசு எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுடைய பெண்டாட்டிமார்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது. இத்தனைக்கும் நான் ஒரு பாருக்குள் கால் வைத்தவள் இல்லை. 2007-இல் தொடங்கி இரண்டு வருஷம், அவர்கள் எழுதிப்போட்டதைப் படிப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை.

'செவன் பேரட்ஸ் பார் அண்ட் ரெஸ்டாரண்ட்' என்று பெங்களூர்க் கம்பெனி ஒன்று. சின்ன ஊராகப் பார்த்து, ஊர் நடுவாகப் பார்த்து, ஏசி போட்டு, மலிவு விலையில் கடை திறப்பார்கள். சித்தூரில் ஒன்று, திருப்பதியில் ஒன்று, மதனப்பள்ளியில் ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள எங்கள் ஜனங்களுக்கு என்ன தலையெழுத்தா, கிளிக்கடை என்றே கூப்பிட்டார்கள். கம்பெனியின் ஏரியா ஆபீஸ் திருப்பதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. மூன்று கடைகளிலிருந்தும் திங்கட்கிழமை தோறும் பஸ் பார்சலில் கருத்துக் கார்டுகள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் படித்து, ஆங்கிலத்தில் டைப் அடித்து, பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் படிக்கத் தெரிந்தவள் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எங்கள் கங்காதர நெல்லூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு படிப்பே இல்லை. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, பஸ் போர்டில் ஒன்று என்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"எம்பொண்ணு சந்தியா பெரிய ஓட்டலு கம்பெனில கம்ப்யூட்டர் வேல செய்துகினு கீறா" என்று எங்கள் நைனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஓட்டல் என்பது பொய்யில்லை. மீதிப் பாதியை நான் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கார்டு நிரப்பிக் கொடுத்தால் ஒரு தட்டு மசாலா கடலை இலவசம் என்று கம்பெனி அறிவித்திருந்தது. வேகவைத்த வேர்க்கடலை, மேலே வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு. ஓசிக் கடலைக்காக எங்கள் ஜில்லாவில் கருத்து இல்லாதவர்களுக்கெல்லாம் கருத்து வந்தது. 'பீர் சூடு, கொண்டுவந்தவர் அதைவிடச் சூடு' என்று ஒருவர். 'இந்தியா தோற்கும் நாளில் டிவியை நிறுத்தவும், கடலை இறங்கவில்லை' என்று இன்னொருவர். 'நான் இங்கு வருவதை யாருக்கும் சொல்ல வேண்டாம்' என்று எழுதி, கீழே பெயர், தெரு, வீட்டு நம்பர் எல்லாம் போட்டிருந்தார் ஒரு மகானுபாவர். மாதம் ஒரு குலுக்கல் உண்டு, பரிசு மிக்சி. அதனால் பெயரும் விலாசமும் எழுதத் துணிந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

ஒவ்வொரு கருத்தையும் தீனி, சரக்கு, சர்வீஸ், சுத்தம் என்று நான்கு கட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். பக்கத்தில் 'நடவடிக்கை' என்று ஒரு கட்டம். பதினைந்து நாளில் அது நிரம்பியாக வேண்டும். "தொறந்த கம்ப்ளெய்ண்ட் ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா" என்பார் ஏரியா மேனேஜர் வேதாச்சலம் சார். அதற்காக யாரும் எதையும் சரிசெய்ததாக எனக்கு நினைவில்லை. 'கவனிக்கப்பட்டது' என்று அடித்து மூடிவிடுவோம்.

இத்தனை கருத்துகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் என்னைப் பிடித்து ஆட்டியது. சித்தூர்க் கட்டில் வாரம் தவறாமல் ஒரு கார்டு வரும். பெயர் இருக்காது. பழைய காலத்து ஆபீஸ் குமாஸ்தா கையெழுத்து, அழகான தமிழ். 'கடலை நன்று. எலுமிச்சையைப் பிழிய வேண்டாம். தனியாக வைக்கவும்.' இவ்வளவுதான். பிறகு ஐந்தாறு மாதமாகத் திருப்பதிக் கட்டிலும் ஒரு கார்டு வரத் தொடங்கியது. இங்கிலீஷில், பெரிய பெரிய எழுத்தில், கடலை நன்றாக இருக்கிறது, எலுமிச்சையைத் தனியாக வையுங்கள் என்று அதே கருத்து. கீழே ஜெர்ரி எஸ். என்ற பெயரும் திருச்சானூர் லாட்ஜ் ஒன்றின் பெயரும்.

மூன்று கடையிலுமாக ஆயிரக்கணக்கில் கார்டு படித்திருக்கிறேன். எலுமிச்சையைப் பற்றி வாய் திறந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். ஒரே ஆளாக இருக்குமோ, சித்தூர்-திருப்பதி பஸ்ஸில் கண்டக்டரோ, மருந்துக் கம்பெனி விற்பனை ஆளோ என்றெல்லாம் யோசிப்பேன். ஆனால் கையெழுத்து வேறு, மொழி வேறு. எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றாலும் திங்கட்கிழமை கட்டைப் பிரித்ததும் கை முதலில் அந்த இரண்டையும்தான் தேடும். எங்கள் வீட்டில் எனக்கு மூக்கு நீளம் என்று சும்மா சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் சித்தூர்க் கடைக்கு அச்சடித்த கார்டு அனுப்ப மறந்துவிட்டேன். கடை மேனேஜர் ஹரிபாபு இரண்டு தடவை போன் செய்து கேட்டும் மறந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. அவர் வெள்ளைத்தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். அந்த வாரம் வந்த கட்டில் எல்லாமே வெள்ளைத் துண்டுகள். எலுமிச்சைக்காரரைத் தேடினேன். இல்லை. அதற்குப் பதிலாக, நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது.

'ஜெப விண்ணப்பம். குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போன என் மகன் ஜெர்ரியிடமிருந்து எட்டு மாதமாகப் போன் இல்லை, கடிதம் இல்லை. கர்த்தர் அவனை எங்கே வைத்திருந்தாலும் சரி, உயிரோடு இருக்கிறான் என்ற ஒரு வார்த்தை என் காதில் விழ ஜெபித்துக்கொள்ளுங்கள். சகோதரி யூனிஸ் சுந்தர்ராஜ், மிஷன் காம்பவுண்ட், சித்தூர்.'

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். சர்ச்சுக்குப் போகவேண்டிய தாள் சாராயக் கடைப் பெட்டிக்குள் எப்படி விழுந்தது? வேதாச்சலம் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நம்ம கஸ்டமர் இல்லயேம்மா. குப்பையில போடு."

"எதுல என்ட்ரி போடறது சார்?"

"எதுலயும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. பீர் சூடு என்று ஒருவன் எழுதினால் அதற்கு ஒரு கட்டமும் ஒரு நடவடிக்கையும் உண்டு. ஒரு தாய் எழுதினால் குப்பைக்கூடை. நான் வேண்டுமென்றே அதை ஷீட்டில் ஏற்றினேன். கட்டம் எதுவும் பொருந்தாமல் 'சர்வீஸ்' என்று போட்டேன். 'நடவடிக்கை' மட்டும் காலியாக இருந்தது.

மறுநாள் ஹரிபாபு கார்டுக்காக மறுபடி போன் செய்தார். தெலுங்கு கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே பேசினார்.

"சந்தியா காரு, இக்கட ஒரு கூத்து தெரியுமா? ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஜெபச் சீட்டு வாசிக்கிறாங்கோ. பெட்டியில இருக்கிற சீட்ட ஒண்ணொண்ணா எடுத்து ஒரு பெரியவர் வாசிப்பாராம், அவருக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம். அப்டியே வாசிச்சிக்கினே வந்து, 'கடலை நன்று, எலுமிச்சையைத் தனியாக வைக்கவும்'னு வாசிச்சிட்டாரு. சபையில அத்தினி பேரும் பழக்க தோஷத்துல, 'கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்'னு பதில் சொல்ட்டாங்களாம். அப்புறந்தான் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினாங்கோ. யாரு அது கிளிக்கடைக்குப் போறவன்னு இப்ப ஊரே தேடிக்கினு கீது."

எனக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் யூனிஸ் அம்மா சீட்டை எழுதிப் புருஷன் கையில் கொடுத்து, சர்ச் பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள். போகிற வழியில் கிளிக்கடை. அவர் ஒரு துண்டுத் தாளில் வழக்கமான கருத்தை எழுதியிருக்கிறார். இரண்டும் வெள்ளைத் தாள், இரண்டும் ஒரே சட்டைப்பை. இரண்டு இடத்திலும் வாசலில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி. மாற்றிப் போட்டுவிட்டார் மனுஷர். அச்சடித்த கார்டை நான் ஒழுங்காக அனுப்பியிருந்தால் மாறியிருக்காது.

அப்படியானால் சித்தூர் எலுமிச்சைக்காரர் சுந்தர்ராஜ். அவருடைய மகன் பெயர் ஜெர்ரி. திருப்பதி எலுமிச்சைக்காரன் ஜெர்ரி எஸ். குவைத்தில் காணாமல் போனவன் எனக்கு ஆறு கிலோமீட்டரில் உட்கார்ந்து ஓசிக் கடலை தின்றுகொண்டிருக்கிறான்.

நிச்சயமில்லைதான். உலகத்தில் ஒரே ஒரு ஜெர்ரியா இருப்பான்? ஆனாலும் புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் அந்தச் சீட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். கார்டை ஆபீஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. குப்பை என்று சார் சொல்லிவிட்டதால் அது கார்டு இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோயிலுக்குப் பின்தெருவில் மூன்று மாடி லாட்ஜ். ஜெர்ரி என்று கேட்டதும், இரண்டு கையிலும் வெந்நீர் பக்கெட்டோடு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவன் திரும்பினான். முப்பது வயசுக்குள் இருக்கும். மெலிந்த ஆள், நல்ல உயரம்.

"கிளிக்கடை ஆபீஸ்ல இருந்து வரேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "மிக்சியா வுழுந்துச்சி?"

எனக்குப் பாவமாகிவிட்டது. "இல்ல. ஒண்ணு கேக்கணும். எலுமிச்சயத் தனியா வைக்கச் சொல்லி எழுதறீங்களே, ஏன்?"

"அதக் கேக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?" பக்கெட்டைக் கீழே வைத்தான். "எங்கப்பாக்கு எப்பவும் வாயில புண்ணு வரும் மேடம். புளிப்பு பட்டா எரியும். அதனால எங்கம்மா கடல செஞ்சா எலுமிச்சய அரிஞ்சித் தனியாதான் வைப்பாங்க. வேண்டியவங்க புழிஞ்சிக்கலாம். அப்டியே துன்னு பழகிட்ச்சி."

"எந்த ஊரு?"

அவன் ஒரு படி மேலே ஏறி நின்றான். என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நான் கைப்பையைத் திறந்து சீட்டை நீட்டினேன். அம்மாவின் கையெழுத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டான் என்று நினைக்கிறேன், வெடுக்கென்று வாங்கினான். படித்தான். மறுபடி படித்தான். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். மாடியிலிருந்து யாரோ தெலுங்கில் வெந்நீர் கேட்டுக் கத்தினார்கள்.

"வேல செஞ்ச வூட்ல ரொம்ப அடி மேடம்" என்றான். "தாங்காம ஓடிட்டேன். போலீஸ் புட்சி, பாஸ்போர்ட்டு இல்லாம வெறும் அவுட்பாஸ் சீட்டுல பிளேன் ஏத்தி வுட்டாங்க. மெட்ராஸ்ல எறங்கசொல்ல கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அதுல ஒரு சட்ட. எங்க காம்பவுண்ட்ல குவைத்துல இருந்து ஒருத்தன் வந்தா, கயிறு கட்ன பெரிய அட்டப்பொட்டி வரும். அத எறக்க நாலு பேர் வருவாங்க. சித்தூர் பஸ்ஸுகிட்ட வரிக்கும் போனேன். ஏற முடில. பக்கத்துல திருப்பதி பஸ் நின்னுக்கினு இருந்துச்சி."

"ஒரு போனாவது பண்ணியிருக்கலாமே?"

"வூட்ல நம்பர் தெரியிற போன். இங்கருந்து பண்ணா திருப்பதி நம்பர் வுழும். 'எங்கருந்துடா பேசற'ன்னு அம்மா கேட்டா நான் பொய் சொல்லணும். அவங்ககிட்ட எனக்குப் பொய் வராது. அதனாலதான் பண்ல. பாதி நம்பர் அமுத்திட்டு வச்சிருவேன்."

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். இவன் புளுகத் தெரியாமலே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறான். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த நேரம், நைனாவிடம் நான் சொல்லாத பாதி நினைவுக்கு வந்தது.

"போங்க. ஊருக்குப் போங்க" என்றேன்.

"எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது? எங்கப்பா சர்ச்சுல டீக்கன். மான மரியாதயா வாழ்ந்துக்கினு கீறவரு. புள்ள லாட்ஜில பக்கெட் தூக்கறான், சாயங்காலமானா கிளிக்கடையில ஒக்காந்து கீறான்னு தெரிஞ்சா செத்துருவாரு." பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்தான். "இது எப்டி உங்க கைக்கு வந்துச்சி? அம்மா எழுதி சர்ச் பொட்டியிலதான போடுவாங்க?"

நான் விழித்தேன். இந்தக் கேள்வி வரும் என்று அவ்வளவு தூரம் ஆட்டோவில் வரும்போது எனக்குத் தோன்றவே இல்லை. "சித்தூர்க் கடைப் பெட்டியில இருந்துச்சி" என்றேன்.

"கிளிக்கடைப் பொட்டியிலயா? யாரு போட்டது?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தூர்லயும் யாராவது எலுமிச்சயத் தனியா கேக்கறாங்களா மேடம்?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. முதலில் உதடு துடித்தது, அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். படிக்கட்டில் சாய்ந்து, கண்ணில் நீர் முட்ட முட்டச் சிரித்தான். சர்ச்சில் சீட்டு வாசித்த கதையையும் நான் அப்போதே சொல்லிவிட்டேன், வாய் நிற்கவில்லை.

"எங்கப்பா" என்றான் மூச்சு வாங்கியபடி. "சோடா குட்சாகூடத் திரும்பி நின்னு குடிப்பாரு மேடம் எங்கப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வேறு குரலில், "அவரும் ஒளிஞ்சிக்கினுதான் கீறாரா" என்றான்.

பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். போகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை திருப்பதிக் கட்டில் ஜெர்ரியின் கார்டு இல்லை. சித்தூர்க் கட்டிலும் எலுமிச்சைக்காரர் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் பையனை அனுப்புகிறேன் என்று போய், அப்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பையன் சித்தூருக்குப் போனானா, வேறு ஊருக்கு ஓடினானா என்றும் தெரியவில்லை. லாட்ஜுக்குப் போன் செய்தால் நின்றுவிட்டான் என்றார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். ஷீட்டில் அந்த ஒரு வரி மட்டும் திறந்தே கிடந்தது. "பதினஞ்சு நாள் ஆவப்போவுதும்மா, என்ன இது?" என்று வேதாச்சலம் சார் கேட்டார். 'கவனிக்கப்பட்டது' என்று அடிக்க எனக்குக் கை வரவில்லை.

பதினான்காம் நாள் காலை பதினொன்றரைக்கு ஹரிபாபு போன் செய்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை, ரகசியம் பேசுகிற குரல்.

"சந்தியா காரு, இக்கட ஒரு அம்மா வந்தாங்கோ. வெள்ளச் சேல, கையில வேதபுஸ்தகப் பை. நேரா உள்ள வராங்கோ. அவங்கள்ளாம் நம்ம கடைப் பக்கம் நடந்தாக்கூட எதிர் சைடுல நடக்கிறவங்கோ. குட்சிக்கினு இருந்தவன்லாம் கிளாச மேசைக்குக் கீழ வச்சிட்டான். நான் போயி, 'அம்மா, இது பாரும்மா'ன்னேன். 'தெரியும்'னாங்கோ. பொட்டி எங்கன்னு கேட்டாங்கோ. 'என் ஜெபம் இந்தப் பொட்டியிலதான வுழுந்துச்சி. கேட்ட எடத்துலதான ஸ்தோத்திரமும் சொல்லணும்'னு ஒரு சீட்ட எடுத்தாங்கோ."

"கூட யாராச்சும் வந்தாங்களா?"

"புருஷன் ரோட்டுக்கு அந்தாண்ட, மரத்தடியில நின்னுக்கினு இருந்தாரு. தலைய நிமித்தல. பக்கத்துல ஒரு உயரமான புள்ள. அவரு தோள்மேல கை போட்டுக்கினு நின்னுச்சி."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டாமல், "அப்புறம்?" என்றேன்.

"கம்பெனி ரூல் இருக்கே, சீட்டு போட்டா கடல குடுக்கணுமே. ஒரு தட்டு கொண்டாந்து வச்சேன். ஒக்காந்தாங்கோ. ஒரே ஒரு கடல எடுத்து வாயில போட்டாங்கோ. அப்புறம் சீட்ட மறுபடி பிரிச்சி, பேனா கேட்டு வாங்கி ஒரு வரி சேத்தாங்கோ. பொட்டியில போட்டுட்டுப் போயிட்டாங்கோ."

அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருக்க என்னால் ஆகாது. பெட்டியைத் திறந்து உடனே படிக்கச் சொன்னேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மேசையில் இருந்த யாரையோ கூப்பிட்டார். போனில் ஒரு குடிகாரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்ச்சில் வாசிப்பது போலவே நிதானமாக வாசித்தார்.

"'ஸ்தோத்திர விண்ணப்பம். என் மகன் ஜெர்ரி உயிரோடு வீடு வந்து சேர்ந்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் சீட்டைக் குப்பையில் போடாமல் படித்த பிள்ளைக்கும் ஸ்தோத்திரம். யூனிஸ் சுந்தர்ராஜ்.'" நிறுத்தினார். "கீழ பேனாவுல இன்னொண்ணு எழுதிக்கீதும்மா."

"படிங்க."

"'எலுமிச்சையைத் தனியாக வைக்கவும்.'"

அன்றைக்கு வேதாச்சலம் சாரையோ பெங்களூரையோ நான் கேட்கவில்லை. இன்றிலிருந்து எலுமிச்சையை அரிந்து தனியாக வையுங்கள் என்று ஹரிபாபுவிடம் சொன்னேன். பிறகு ஷீட்டைத் திறந்து, பதினான்கு நாளாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில், 'மகன் வந்துவிட்டான்' என்று அடித்தேன்.